நீருள் மறைந்த வேடர் நாடு

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணப் படிப்பு நடக்குங் காலத்தில், வள்ளியம்மை திருமணப் படலம் வந்துவிட்டால் மண்டபம் நிறைந்துவிடும். சூரபன்மன் வதைப் படலத்துக்கு எட்டிப் பாராத பிள்ளைகளும் அன்று தூணோரம் வந்து குந்திவிடுவார்கள். வேடர் தலைவன் நம்பிராசன், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழி, தினைப்புனத்துப் பரண், தேனும் தினைமாவும் கேட்டு வந்த கிழவர், வெருட்ட வந்த யானை என்று பயன் சொல்பவர் நீட்டி நீட்டிச் சொல்ல, கேட்பவர் ஒரு முறையும் சலித்ததில்லை. கச்சியப்ப சிவாசாரியார் பாடிய வள்ளிமலை தொண்டை நாட்டிலுள்ளது. ஆனால் ஈழத்துச் சைவர் அக்கதையைத் தம் மண்ணிலேயே ஊன்றிக்கொண்டனர். கதிர்காமத்தில் ஆடி விழாவின் ஊர்வலம் முருகன் வாசலிற் புறப்பட்டு வள்ளியம்மன் வாசலுக்கே செல்கிறது. மண்டூரில் வேலைக் கண்டெடுத்து முதலிற் பூசித்தவர் வேடர் என்பது கர்ண பரம்பரை. அங்கு நடக்கும் வாய்கட்டிப் பூசையையே நாம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் காண்கிறோம்.

வேடர் குலத்தில் வளர்ந்த ஒருத்தியை இவ்வளவு நெருக்கமாக அம்மை என்று கொண்டாடும் நாம், அந்த வேடர் இந்நாட்டில் எங்கே இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்டதுண்டா? கேட்டதாகத் தெரியவில்லை. இலங்கைச் சரித்திரம் என்று பாடசாலையில் எமக்குப் படிப்பித்ததில் வேடருக்கு ஒரு பக்கம் இருந்தது. அது முதலாம் பாடத்தின் முதலாம் பக்கம். விசயன் வந்து இறங்கியதும் அவர்கள் புத்தகத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

சங்கத்து இளைஞர் ஐந்து பேராக நாம் கல்லோயாவின் மேலைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வந்தது இக்கேள்வியினால்தான். கண்டதையும், போகுமுன்னரும் வந்தபின்னரும் படித்தறிந்ததையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறோம். பயணக் கதையாக மட்டும் இதனைப் பெரியோர் எண்ணிவிடலாகாது.

கல்லோயா என்று சிங்களத்தில் வழங்கும் ஆற்றை மட்டக்களப்புத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்பர். ஊவா மலைகளின் கீழைச் சரிவிலே பிறந்து, கிழக்கு நோக்கிப் பாய்ந்து, கல்முனைப் பக்கத்து வயல்களுக்கு நீரூட்டிக் கடலோடு கலப்பது. ஆற்றின் கீழ்ப்பாதி நெல் விளையும் சமவெளி. மேற்பாதி முற்றிலும் வேறு. அங்கே நிலம் மேடும் பள்ளமுமாய் எழும்பி, நீல்கலை, தானிகலை முதலான கற்குன்றுகளாலே சூழப்பட்ட ஒரு பெரும் பள்ளத்தாக்காகிறது. மேற்கே பிபிலை, கிழக்கே இங்கினியாகலை. இவ்விரண்டுக்கும் நடுவே நூறாண்டுக்கு முன்னர் வண்டிப் பாதைகூட இருந்ததில்லை. யானைத் தடமும் மான் தடமுமே பாதை.

எமது குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கீரிமலையும் பெயரளவில் மலைதான்! ஆகவே அப்பள்ளத்தாக்கை முதன்முதல் கண்டபோது எமக்குண்டான பிரமிப்பை வாசகர் மன்னிப்பார்கள். அடர்ந்த இருட்காடு என்று நினைத்துப் போனோம். அங்கிருந்தது அதுவன்று. இடுப்பளவு புல் வளர்ந்த திறந்த வெளி. அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு மரங்கள். சிங்களத்தில் இதனைத் தலாவை என்கிறார்கள். அம்மரங்கள் என்ன மரங்கள் என்று விசாரித்தோம். கடுக்காய், தான்றி, நெல்லி. நம் பரியாரியார் வீட்டுத் திரிபலைச் சூரணம் முழுவதும் அங்கே மரமாய் நிற்கிறது! புத்ததாச மன்னனின் மூலிகைத் தோட்டம் இது என்று அவ்வூரார் சொல்லிக்கொள்கிறார்கள். கோடையில் இப்புல்லெல்லாம் தீப்பற்றி எரிந்துவிடும். கடுக்காய் மரத்துக்கு அத்தீயைத் தாங்கும் தடித்த பட்டை. மழை பெய்ததும் இளம் புல் துளிர்க்க, மானும் மரையும் வரும். அவற்றின் பின்னே வில்லேந்திய மனிதனும் வருவான். அந்த மனிதன்தான் நாம் தேடிப் போனவன்.

அவனுடைய தொன்மை எவ்வளவு என்பதற்கு மகாவமிசம் ஒரு கதை சொல்லுகிறது. குவேனி விசயனாற் கைவிடப்பட்டு இறந்தபின், அவளுடைய மகனும் மகளும் மலைநாட்டுக்கு ஓடிச் சமந்தகூடத்தின் அயலிலே வாழ்ந்தனர் என்றும், புளிந்தர் எனும் மலைச் சாதியார் அவர்கள் வழியினர் என்றும் அந்நூல் கூறும். கதையை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மண் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. தென்மேற்கே பாகியங்கலைக் குகையில் அகழ்ந்தெடுத்த எலும்பு அம்புமுனைகள் ஏறக்குறைய 48,000 ஆண்டுப் பழைமையானவை என்று 2020ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியதற்கு அதுவரை கிடைத்த சான்றுகளில் அதுவே மிகப் பழையது. அக்குகையில் வாழ்ந்தவருக்கும் நீல்கலை வேடருக்கும் நேர்க்கோடு போட்டு இணைக்க நாம் துணியவில்லை. இந்தத் தீவில் வில் பிடித்த கை மிகமிகப் பழைய கை என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

எழுத்திலே வேடரை நன்றாகக் காட்டியவர் றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசனின் சிறையாளியாய் இருந்து, 1679இல் தப்பி மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. காட்டு வேடனுக்கு அம்புமுனை தேவைப்பட்டால், இரவிலே இறைச்சிச் சுமையொன்றைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையிலே தொங்கவிடுவான். தனக்கு வேண்டிய முனையின் வடிவத்துக்கு ஓர் இலையை வெட்டி அதன் அருகே வைத்துவிட்டுப் போய்விடுவான். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைத்தால், மறுபடியும் இறைச்சி வரும். செய்யாது ஏமாற்றினால் ஓர் இரவில் அம்பு வரும்! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. பேச்சில்லை, கடனில்லை, கணக்கேடில்லை. எங்கள் சுன்னாகம் சந்தைத் தரகர் இதைக் கேட்டால் தலையிலே கைவைத்துக்கொள்வார்.

இந்தக் கதையை எடுத்து, வேடர் மனிதரைக் கண்டு அஞ்சி ஓடும் விலங்கு போன்றவர் என்று பின்னாளில் எழுதியவர் உண்டு. கதையே அதற்கு மாறாக இருக்கிறது. இரும்பின் அருமை தெரிந்து, விலை பேசி, தரம் பார்த்து, ஒப்பந்தத்தை மீறினவனைத் தண்டிக்கவுந் தெரிந்தவர் அவர். தூரத்தில் நின்றது அவர் விரும்பி நின்ற தூரம் என்றே எமக்குப் படுகிறது.

நிற்க. அத்தூரம் எக்காலத்திலும் முழுமையாய் இருந்ததில்லை. பள்ளத்தாக்கின் மேற்கே கிடப்பது வெல்லச நாடு. இலட்சம் வயல் என்பது அப்பெயரின் பொருள். 1817இல் ஊவா - வெல்லசக் கிளர்ச்சி மூண்டபோது பதுளையிலிருந்து வந்த வில்சன் எனும் ஆங்கில அதிகாரி அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்காரரோடு வேடரும் நின்றனர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலப் படை வெல்லசத்து வயலையும் குளத்தையும் வீட்டையும் அழித்த விதம், இன்றும் அப்பக்கத்துச் சிங்கள மக்கள் மறவாத கதை. வயல் இழந்தவன் எங்கே போவான்? காட்டுக்குள்ளேதான். வேடர் என்று பின்னர் எழுதப்பட்டவருட் சிலர் இவ்வாறு வந்து கலந்தவரின் வழியினராயிருக்கலாம். சுத்த வேடர், கலப்பு வேடர் என்று தராசு பிடித்த வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் பலர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வாராய்ச்சியாளர் வரிசை நீண்டது. 1863இல் பெய்லி என்பவர் நீல்கலை, பிந்தெனைப் பகுதி வேடரைப் பற்றி இலண்டனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1880களில் பாசல் நகரத்துச் சராசின் குடும்பத்து உறவினர் இருவர் வந்து உயிரோடிருப்பவரைப் படம் பிடித்து, இறந்தவரின் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு போயினர். யாவரினும் பெரிய வேலை செய்தவர் செலிக்மன் தம்பதிகள். இலங்கை அரசாங்கத்தின் ஆதரவோடு 1908இல் இப்பள்ளத்தாக்குக்கு வந்து, ஹெனபெத்தை, தானிகலை, சீத்தலவன்னிய முதலிய இடங்களிற் கூடாரம் அடித்துத் தங்கி, 1911இல் கேம்பிறிட்ஜில் 'வேடர்' எனும் பெயரிலேயே ஒரு பெருநூலை வெளியிட்டனர். எம் கல்லூரி நூல்நிலையத்தின் மேல் தட்டிலே தூசி படிந்து கிடந்த அந்நூலை இறக்கிப் படித்ததுதான் இப்பயணத்தின் மூலகாரணம் என்று சொல்லலாம்.

அந்நூலில் எம்மைச் சிரிக்கவும் பின்னர் யோசிக்கவும் வைத்த பகுதியொன்று உண்டு. தானிகலை வேடர் மிகவும் காட்டுத்தனமானவர் என்று கேள்விப்பட்டு ஆவலோடு போன செலிக்மன் தம்பதிகளுக்கு அங்கே ஏமாற்றம் காத்திருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் வந்து இறங்கும் வாடிவீட்டுக்கு இந்த வேடரை அடிக்கடி அழைத்துப்போவது வழக்கமாகியிருந்தது. அழைப்பு வந்ததும், அவர்கள் உடுத்திருக்கும் சாரத்தைக் கழற்றிவைத்து, கோவணத்துணி மட்டும் கட்டி, வில்லும் கோடரியும் ஏந்திப் போய் நிற்பார்கள். மற்ற நாளில் அயற் சிங்கள விவசாயியைப் போல உடுத்தித் திரிவார்கள். ஆதி மனிதன் என்பது அவர்களுக்கு ஓர் உத்தியோகமாகிவிட்டிருந்தது என்று நூலாசிரியர் குறும்பாய் எழுதுகிறார். அது 1908இல். இன்றும் வேட கிராமங்களுக்குப் போகும் பஸ்வண்டிகளையும், இறங்குமுன்னரே தூக்கிப் பிடித்த கைத்தொலைபேசிகளையும் பார்க்கும்போது, உத்தியோகம் இன்னும் பறிபோகவில்லை என்று தெரிகிறது. எம்மிடமும் கைத்தொலைபேசி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் செலிக்மன் நூலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வேடரின் சமயத்தையும் காணியுரிமையையும் பற்றி அது சொல்லும் செய்திகளே நம்மவர் அறிய வேண்டியவை.

இறந்துபோன உறவினர் யக்குகளாகி அருகிலேயே இருக்கிறார்கள் என்பது வேடர் நம்பிக்கை. இவர்களை நே யக்கு என்பர். யக்கு என்றதும் பேய் என்று எண்ணவேண்டாம். உற்றார் என்றே எண்ணவேண்டும். வேட்டை வாய்க்கவும் தேன் கிடைக்கவும் அவர்களையே அழைப்பர். அவர்களுக்கெல்லாம் தலைவனாய்க் கண்டே யக்கா என்ற வேட்டை வீரன் ஒருவன். அவன் ஒரு காலத்தில் மனிதனாய் வாழ்ந்து பெரும் வேட்டையாடியவன் என்பர். தேங்காய்ப் பால் நிறைந்த பாத்திரத்தை நடுவே வைத்து, அதைச் சுற்றி ஆடி, ஆடுபவன் மேல் யக்கு இறங்க, அவன் கூடியிருப்பவர் தோளிலே கைவைத்து வேட்டை வாய்க்கும் என்று வாக்குச் சொல்லும் சடங்கைக் கிரி கொறஹா என்கிறார்கள். இதைப் படித்தபோது எம்முள் ஒருவருக்கு நினைவு வந்தது தமது கிராமத்து அண்ணமார் கோயில். மடை பரவி, உருவேறி, கட்டுச் சொல்லும் அச்சடங்கை நாகரிகமடைந்த நாம் ஆகம விதி என்று சொல்லிப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டோம். வைரவரும் அண்ணமாரும் ஒதுங்கி நிற்கும் வேம்படிக்கும் தானிகலைக் குகைக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

காணியுரிமைச் செய்தி இன்னும் முக்கியமானது. வேடன் நாடோடி, அவனுக்கு இடமென்று ஒன்றில்லை என்பது பொதுவான எண்ணம். செலிக்மன் கண்டது அவ்வாறில்லை. இந்தக் குன்று இன்னாருடைய குடும்பத்துக்கு, அந்தக் குகை இன்னாருக்கு, இந்த ஓடை எல்லை, அந்தப் பாறையின் தேன் மாமன் வழியார்க்கு என்று பள்ளத்தாக்கு முழுவதும் பங்கிடப்பட்டிருந்தது. மற்றவனுடைய பாறையிலே கேளாமல் தேன் எடுப்பது பெருங் குற்றம். மலைத்தேனீ கட்டும் கூடு செங்குத்தான பாறையில் நெடுந்தூரம் கீழே தொங்கும். கொடியாலே ஏணி திரித்து, பாறை உச்சியிலுள்ள மரத்திற் கட்டி, இருட்டிய பின் புகைப் பந்தத்தோடு ஒருவன் இறங்குவான். மேலே ஏணியைக் காப்பவனிடம் அவனுடைய உயிர் இருக்கும். இறங்கும்போது பாட்டும் உண்டு. இத்தகைய பாட்டுகளைச் செலிக்மன் மெழுகு உருளைகளிலே பதிந்துகொண்டு போனார். இரண்டே சுரத்தில் அமைந்த பாட்டுகளும் அவற்றுள் உள்ளன என்று இசையை ஆராய்ந்த மயேர்ஸ் என்பவர் எழுதினார். அவ்வுருளைகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

எல்லை இருந்தது, உரிமை இருந்தது, வழக்கும் இருந்தது. உறுதி எழுதிய ஓலைதான் இருக்கவில்லை. காணியுறுதிக்காக அண்ணன் தம்பி நீதிமன்றப் படியேறும் யாழ்ப்பாணத்தானுக்கு இதன் கனம் விளங்காமற் போகாது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெரிய வேலை அது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா அதனைத் தம் கனவாகக் கொண்டிருந்தார். அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையைப் பார்த்து ஓர் அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. மொறிசன் நட்சன் எனும் அமெரிக்கக் கம்பனி இயந்திரங்களைக் கொண்டுவந்து, இங்கினியாகலையில் இரு குன்றுகளின் இடையே ஆற்றை மறித்தது. 1951 அளவில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். கொள்ளளவு ஏறக்குறைய 770,000 ஏக்கர் அடி; நமது இரணைமடுவைப் போல் ஆறு மடங்குக்கு மேல். இன்றளவும் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுதான். கீழே பல்லாயிரம் ஏக்கர் நெல் விளைந்தது. பசித்த நாட்டுக்கு அது சோறு போட்டது என்பதை மறுப்பவன் நன்றியில்லாதவன்.

ஆனால் அந்நீர் நின்ற இடம் எது? முப்பது சதுர மைல் அளவான மேலைப் பள்ளத்தாக்கின் அடிப்பாகம். வேடரின் வேட்டை நிலமும், தேன் எடுத்த பாறைகளும், மூதாதையர் தங்கிய குகைகளும் நீருள் அமிழ்ந்தன. வெளியேறிய குடும்பங்களுக்குக் குடியேற்றங்களிற் காணித் துண்டு கொடுத்தார்கள். மண்வெட்டியும் கொடுத்தார்கள். நீருக்கு மேலே மிஞ்சிய குன்றும் தலாவையும் 1954இல் கல்லோயா தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அத்தோடு வேட்டை சட்டவிரோதமாயிற்று. பள்ளத்தை நீர் எடுத்தது. மேட்டைச் சட்டம் எடுத்தது. வேடரிடையே வைத்தியஞ் செய்து, காட்டுவழிகளில் அவர்களோடு நடந்து, நூல்கள் எழுதிய சத்திர வைத்தியர் ஸ்பிற்றல் 1950இல் வெளியிட்ட நூலுக்கு 'மறைந்த தடங்கள்' எனும் பொருளில் தலைப்பிட்டார். பொருத்தமான காலத்தில் வந்த தலைப்பு.

இனி நாம் சொல்லப்போவது சில பெரியோருக்கு உவப்பாயிராது. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. கல்லோயாக் குடியேற்றம் தமிழர் மனத்தில் ஆறாத புண். 1956 ஜூன் மாதத்தில் அங்கே நடந்த கலவரத்தில் தமிழர் பலர் உயிரிழந்தனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனியே பிரிக்கப்பட்டது. பட்டிப்பளை ஆறு எங்கள் ஆறு என்று நம் மேடைகளிற் பேசினோம். தீகவாபி நாடு மீண்டது என்று அவர்கள் மேடைகளிற் பேசினார்கள். நம் பக்கத்து நியாயத்தை நாம் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அக்காலத்துப் பேச்சுகளையும் பத்திரிகைகளையும் எமக்குக் கிடைத்த அளவிற் புரட்டிப் பார்த்தபோது, தமிழ்ப் பக்கத்திலோ சிங்களப் பக்கத்திலோ, அணைக்கு மேலே குடியிருந்தவர் யார் என்று கேட்ட ஒருவரும் எம் கண்ணிற் படவில்லை. அணைக்குக் கீழே உள்ள நிலம் யாருக்கு என்பதே வழக்கு. மேலே உள்ளது வெறுங் காடு. வள்ளியம்மை திருமணம் படித்த ஊர்களிலிருந்து எழுந்த குரலிலும் நம்பிராசன் பெயர் இல்லை என்பதுதான் எம்மை உறுத்துகிறது.

குடிசன மதிப்பு வேறொரு வகையில் இதையே சொல்கிறது. 1911இல் வேடர் 5,300க்கு மேல். 1946இல் 2,300க்குச் சற்று மேல். 1953இல் ஏறக்குறைய 800. 1963இல் 400. அதன்பின் நெடுங்காலம் அவர்களுக்கென்று தனி நிரல் இருக்கவில்லை. அத்தனை பேரும் இறந்துபோகவில்லை. சிங்களக் கிராமத்தில் இருந்தவன் சிங்களவன் என்று எழுதப்பட்டான். வெருகல், வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசி, மீன் பிடித்து, சேனை செய்து வாழும் கடற்கரை வேடர் தமிழர் நிரலிற் சேர்ந்தனர். கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் நம்மவர் ஆண்டுதோறும் அவர்கள் ஊர்களூடாகத்தான் நடக்கிறார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தும் இருப்பார்கள்.

பயணத்துக்கு வருவோம். இங்கினியாகலையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் மோட்டார்ப் படகில் ஏறினோம். படகோட்டி சிங்களவர், நடுத்தர வயதினர். எம்மைத் "தம்பி, தம்பி" என்று தமிழிலேயே அழைத்தார், அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. எம்முள் சிங்களம் தெரிந்தவர் ஒருவரே. ஆகவே ஐவருக்கும் அவரே வாய். நீர் கண்ணாடி போலக் கிடந்தது. ஆங்காங்கே பழங்காட்டின் பட்ட மரங்கள் நீருக்கு மேலே தலை காட்டி நிற்க, ஒவ்வொன்றிலும் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. முன்னாளிற் குன்றுகளாயிருந்தவை தீவுகளாய் நின்றன. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு யானைகள் நீந்திப் போவதைக் கண்டோம். தும்பிக்கை நுனி மட்டும் மேலே தெரிய, பின்னால் ஒரு குட்டி. அந்தக் காட்சிக்காகவே வெளிநாட்டார் வருகிறார்களாம். படகோட்டி இயந்திரத்தை நிறுத்திய ஓரிடத்தில், நீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டோம். "கல்லும் மரமும்" என்றார். சற்றுப் பொறுத்து, ஆதிவாசிகளின் குகைகளும் இருக்கும் என்று தம் தகப்பனார் சொன்னதாகச் சொன்னார்.

மறுநாள் றத்துகலைக்குப் போனோம். இங்கினியாகலையிலிருந்து பிபிலைக்குப் போகும் வழியிலுள்ள வேட கிராமம் அது. தம் முன்னோர் தானிகலைக் குன்றில் வாழ்ந்தவர் என்பது அங்குள்ளோர் வழக்கு. ஓட்டு வீடுகள், மரவள்ளி, வாழை, சோளச் சேனை. வெளிப்பார்வைக்கு வன்னிக் கிராமம் ஒன்றுக்கும் இதற்கும் வேற்றுமை காணேம். தம்மை அவர்கள் வன்னியல எத்தோ என்கிறார்கள். வனத்தின் மக்கள் என்பது பொருள். வன்னி என்ற சொல் காதில் விழுந்ததும் சொந்த ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது.

ஒரு முதியவர் இரு கைகளாலும் எம் முன்கையைப் பற்றி வரவேற்றார். தோளிலே கோடரி. அவர் எம்மோடு பேசியதெல்லாம் சிங்களம். பழைய வேட மொழியிற் சில சொற்களைக் கேட்டபோது சொல்லிச் சிரித்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவை தெரியுமா என்றதற்கு, விருந்தினர் வரும்போது தெரியும் என்றார். 1908இன் தானிகலை எம் நினைவுக்கு வந்தது. தேனைப் பற்றிக் கேட்டோம். அவர் தானிகலைப் பக்கம் கையைக் காட்டி, எந்தப் பாறை எந்த வழியாருக்கு என்று விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே போனார். ஆறு பாறைகள் சொன்னார். இரண்டு நீருக்குள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இப்படிப்பட்ட கணக்கு கல்லோயாவோடு முடியவில்லை. 1983இல் வடக்கே மதுறு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டபோது தம்பானை வேடரை எனானிகலைக் குடியேற்றத்துக்கு மாற்றினார்கள். ஊருவரிகே திசாஹாமி எனும் தலைவர் சில குடும்பங்களோடு போக மறுத்து, 1998இல் இறக்கும்வரை காட்டோரத்திலேயே இருந்தார். அவருக்குப் பின் தலைவரான அவர் மகனின் கையில், 2019 நவம்பரில் எடின்பரோப் பல்கலைக்கழகம் ஒன்பது வேடர் மண்டையோடுகளைத் திருப்பி ஒப்படைத்தது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டவை. இறந்தவர் யக்குவாகி உற்றார் அருகிலேயே இருப்பார் என்று நம்பும் குலத்தாரின் தலைகள் நெடுங்காலம் எடின்பரோவில் இருந்தன.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் நூல்நிலையத்துக்கு நொக்ஸ், செலிக்மன், ஸ்பிற்றல் ஆகியோரின் நூல்களை வாங்கி வைத்தல் வேண்டும். அடுத்த ஆடி யாத்திரையில் பொத்துவிலை அடையும் நம்மவர், உகந்தைக்குப் புறப்படுமுன் இரண்டு நாளை ஒதுக்கினால், அம்பாறை வழியாக றத்துகலைக்குப் போய் மீளலாம். போகிறவர்கள் பனங்கட்டி கொண்டு போகட்டும். நாம் கொடுத்த பனங்கட்டியை அம்முதியவர் வாயிலே போட்டுக்கொண்டு தலையசைத்தார். ஆனால் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஓலையால் இழைத்த குட்டானைத்தான். எந்த மரத்து ஓலை, இழைத்தது ஆணா பெண்ணா, மழையில் ஊறுமா, தேன் வார்த்தால் ஒழுகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒழுகாமல் இழைக்கவும் எம்மூரிலே ஆட்கள் உண்டு என்றோம். அடுத்த முறை அப்படியொன்று கொண்டு வருவதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.